ரிக்கற் கேட்ட தகப்பன்

போன மாதம் லண்டனில் ஒரு கலியாணத்துக்காகப் பறந்துகொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் தன் சாப்பாட்டுத் தட்டின் வெள்ளித்தாளை உரித்தார். அந்த மணம் வந்து மூக்கில் ஏறியது. அவிந்த பட்டாணி, கொஞ்சம் சீஸ், கொஞ்சம் தகரம், எல்லாவற்றுக்கும் மேலே சூடான ஈரம். உலகத்தில் எந்த வீட்டுக் குசினியிலும் அப்படியொரு மணம் வராது. இதையெல்லாம் மனிதர் தின்பார்களோ என்பதுபோல அவர் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விமானச் சாப்பாட்டை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்னமும் என் வீட்டுச் சமையலைச் சொன்னதுபோலத்தான் இருக்கும்.

ஏனென்றால் இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு பத்து வருடத்துக்குக் கிட்ட நான் மொன்றியல் விமான நிலையத்தை ஒட்டிய டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி ஏற்றும் ஒரு கூடத்தில் வேலை செய்தேன். சமையல்காரன் என்று ஊரில் உள்ள சொந்தக்காரருக்குச் சொல்லியிருந்தேன், பொய். சமையலுக்கு வேறு ஆட்கள். நாங்கள் ஓடும் பட்டியின் இரண்டு பக்கமும் நின்று, வெறும் தட்டாக வருவதைச் சாப்பாடாக அனுப்பி வைப்பவர்கள். ஆளுக்கு ஒரு பொருள். என் பொருள் பாண், இந்தியாக்காரர் பன் என்பது. சின்ன, உருண்டையான, எறிந்தால் ஆளைக் காயப்படுத்தக்கூடிய பாண். எனக்கு எதிரே நின்றவரின் பொருள் தாளில் சுற்றிய துண்டுச் சொக்லேற். ஒருவனுக்குப் பாண், ஒருவனுக்குச் சொக்லேற், எல்லாம் தலையெழுத்து என்று நான் அவரிடம் அடிக்கடி சொல்வேன். "அப்ப மாறுவமோ?" என்பார். மாறமாட்டார்.

மாறாததற்குக் காரணம் இருந்தது. உடைந்த சொக்லேற்றை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். வேலை முடிந்து போகும்போது அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு உடைந்த சொக்லேற் இருக்கும். ஒன்றும் உடையாத நாளில், பட்டி நிற்கப்போகிற நேரம் பார்த்து, ஒன்று அவர் கையிலிருந்து தானாகவே விழும்.

அவர் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் இருந்த பெயர் சிவநேசன். அவருடைய பெயர் மரியநாயகம்.

இதை விளக்க அதிக நேரம் எடுக்காது. மன்னாரிலிருந்து மனைவியும் குழந்தையும் முதலில் வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காகிதங்கள் சரிவந்தன. பின்னால் வந்த இவருடைய வழக்கு மட்டும் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் வயிறு வழக்கு முடியும்வரை பொறுக்குமா? வந்த புதிதில் இவர்கள் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துச் சிநேகிதர் சிவநேசன், லண்டனில் தமக்கையிடம் போகும்போது தன்னுடைய வேலை அட்டையை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் இது பெரிய புதினமில்லை. குளிர்ச்சட்டை இரவல் வாங்குவதுபோலத்தான் பெயரும். அளவு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

போட்டுக்கொண்டு போனால் மட்டும் போதாது, அதற்குள் இருக்கவும் வேண்டும். மரியநாயகம் அண்ணை வேதக்காரர், கத்தோலிக்கர்; சிவநேசன் சைவம். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இரண்டு பேருக்கும் ஆகாது, அதில் சிக்கலில்லை. மீன்தான் சிக்கல். மரியநாயகம் தின்னலாம், சிவநேசன் தின்னக்கூடாது. வேலையிடத்துச் சாப்பாட்டறையில், பக்கத்து மேசையில் யாரோ பொரித்த மீனைத் திறக்க, மன்னார்க்காரர் ஒருவர் வெறும் பருப்போடு இருப்பதைப் பார்க்கக் கல் நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்தது. நான் வேண்டுமென்றே என் மீனை நீட்டுவேன்.

"சிவநேசன் தின்னமாட்டான்," என்பார் மெதுவாக. சிவநேசன் என்றொருவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

பட்டியில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் எங்கள் மேற்பார்வையாளர் ரஞ்சன். ரஞ்சனும் எங்கள் ஆள்தான். எங்களைவிட வயதில் இளையவர். கெட்டவர் என்று சொல்லமுடியாது. விதி என்று ஒன்று இருந்தால் அதைப் பார்க்கிறவர். கையுறை போடாமல் பாணைத் தொட்டதற்கு என்னையே மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அன்று பின்னேரம் என்னைத் தன் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டவர். இப்படிப்பட்டவருக்குத்தான் பயப்படவேண்டும். அலுவலகப் பதிவில் சிவநேசன் தனிக்கட்டை. அதனால் ரஞ்சன் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவாண்ணை, என்ர பெரியம்மான்ர மகள் ஒராள் வில்லரேயில இருக்கிறா. கேட்டுப் பாக்கட்டோ?"

"இப்ப வேண்டாம் தம்பி. பேந்து பாப்பம்."

"பேந்து பேந்தெண்டு தலையும் நரைச்சுப்போச்சு."

"நரைக்கிறதை நான் பிடிச்சு வைக்கேலுமோ தம்பி," என்று அவர் சொக்லேற்றை வைத்துக்கொண்டே இருப்பார். நான் பாண்களுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் நாங்கள் சிலர் வேலையாட்கள் வாசலில் நின்றோம். ரஞ்சனும் நின்றார். வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அங்கிருந்து, நாலாம் வகுப்புப் படிக்கிற வயதில் ஒரு பிள்ளை, பனிக்கு உடுத்திய உடுப்பில் உருண்டு உருண்டு எங்களிடம் வந்தது. நேரே மரியநாயகம் அண்ணைக்கு முன்னால் வந்து நின்றது.

"அங்கிள், அம்மா திறப்பு வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ."

அவர் சட்டைப்பையில் கைவிட்டு வீட்டுக்கதவுத் திறப்பை எடுத்துக் கொடுத்தார். "கவனமாப் போ பிள்ளை."

"ஆற்ற பிள்ளை?" என்றார் ரஞ்சன்.

"மேல்வீட்டு ஆக்கள் தம்பி."

பிள்ளை திரும்பிப் பார்க்காமல் வீதியைக் கடந்து போனது. திறப்பு இருந்த அதே பையில்தான் அன்றைய சொக்லேற்றும் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. மேல்வீட்டுப் பிள்ளைக்குச் சொக்லேற் கொடுத்தால் அது கொஞ்சம் அதிகமாகத் தெரியும் என்று நினைத்திருப்பார். வேலையிடத்தில் அப்பாவை அங்கிள் என்று கூப்பிடுவது அப்போது சில வீடுகளில், படுக்கமுன் பல் துலக்குவதுபோல, பிள்ளைகளுக்குப் பழக்கிவைத்த ஒன்று. யாரும் அதை அழுதுகொண்டு செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதற்குள் எனக்குக் கால் விறைத்துவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பிள்ளையின் பெயர் டிலானி. ஆறேழு வருடங்கள் கழித்து அவள் என் வகுப்பில் வந்து இருந்தாள்.

என் வகுப்பு என்று நான் சொல்வதைக் கேட்டால் என் மனைவி இப்போதும் சிரிப்பாள். நான் மாஸ்டரானது ஒரு விபத்து. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மகனைக் கொண்டுபோய் விடப் போனேன். பெரிய வகுப்பு மாஸ்டர் ரொறொன்ரோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்றார்கள். மொன்றியல் தமிழரில் அப்போது இரண்டு வகை: ரொறொன்ரோவுக்குப் போனவர்கள், போகப்போகிறவர்கள். நான் எந்த வகை என்று முடிவெடுக்க முன்னர் கையில் வெண்கட்டியைத் தந்துவிட்டார்கள். ஊரில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் வெண்கட்டியைப் பறித்திருப்பார்கள்.

பள்ளி நடந்தது வில்லரேயில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறையில். மெழுகுதிரி, தரை கழுவுகிற மருந்து, போன கிழமைக் கோப்பி, மூன்றும் கலந்த மணம். கிழமை நாட்களில் அங்கே வயதான கியூபெக் மனிதர்கள் எண் கூப்பிட்டு ஆடும் பிங்கோ விளையாடுவார்கள். அதனால் என் மேசைக்குப் பின்னால் சுவர் நிறைய எண்கள் எரியும் ஒரு பலகை இருந்தது. வாசலில் நிற்கிற பிள்ளையை அந்தப் பலகையில் எண்ணைக் கொளுத்திக் கூப்பிடுவது நான் கொண்டுவந்த சீர்திருத்தம். கல்வித்துறைக்கு என் பங்களிப்பு என்று வேறு எதையும் காட்டமுடியாது. இல்லை, இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிள்ளைகள் எல்லோரும் உயர்பள்ளிக் கடைசி வகுப்புகள். தங்களுக்குள் பிரெஞ்சில் கதைப்பார்கள், சண்டை என்றால் இங்கிலீசில், என்னைப் பார்த்தால் தமிழ். அவர்களுடைய தமிழ்ப்பற்றுக்கு ஒரே காரணம், பத்தாம் வகுப்புச் சோதினையில் பாஸ் பண்ணினால் பிறகு தமிழ்ப் பள்ளிக்கு வரத் தேவையில்லை. தமிழை விடுவதற்காக இவ்வளவு ஊக்கத்தோடு தமிழ் படித்தவர்களை நான் வேறெங்கும் காணவில்லை. டிலானிக்கும் தகப்பன் அந்த வாக்கைத்தான் கொடுத்திருந்தார். பாஸ் என்றால் சனிக்கிழமை அவளுடையது. அவளுக்கு அந்தச் சனிக்கிழமை அவசரமாகத் தேவைப்பட்டது. நகரசபை நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் பயிற்சி சனிக்கிழமை காலையில்தான். அந்த வருடம் சேர்ந்தால் கோடையில் வேலை. பெயில் என்றால் இன்னொரு வருடம் என் முகம்.

சோதினையில் பெரிய பகுதி வாசித்து விளங்குதல். எழுதுவதில்லை, பரீட்சகருக்கு முன்னால் இருந்து வாயால் பதில் சொல்லவேண்டும். அந்த வருடத்துப் பாடம், யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவர் தன் சிறுவயதைப் பற்றி எழுதிய தன்வரலாற்றில் ஒரு அத்தியாயம். பெரிதாக ஒன்றும் நடக்காது. தகப்பன் ரயில் நிலையத்தில் வாசலில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் ரிக்கற் வாங்குகிறவர். மகன் ஒரு நாள் பொடியளோடு சேர்ந்து ரிக்கற் எடுக்காமல் ரயிலில் வந்து இறங்குகிறான். வாசலில் தகப்பன். பின்னால் ஸ்டேசன் மாஸ்டர். தகப்பன் மகனைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல, "ரிக்கற்" என்று கை நீட்டுகிறார். மகன் பேசாமல் நிற்கிறான். ஸ்டேசன் மாஸ்டரிடம் ஒப்படைக்கிறார். தண்டம். அன்று வீட்டுக்கு வரும்போது தகப்பன் ஒரு தோடம்பழம் வாங்கிவந்து மகனின் கையில் வைக்கிறார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவேயில்லை. அவ்வளவுதான் அத்தியாயம். ஏன் அப்படிச் செய்தார் என்று எழுத்தாளரும் சொல்லவில்லை. எழுத்தாளர் சொல்லாததைச் சொல்வதற்குத்தான் ரொறொன்ரோவில் விடைத்தாள் தயாரிப்பவர்கள் இருந்தார்கள். விடைத்தாளில் இருந்தது: கடமையுணர்வு.

வகுப்பில் பாடத்தை வாசித்துவிட்டு நான் கேட்டேன். "தகப்பன் ஏன் மகனைத் தெரியாத மாதிரி நிண்டவர்?"

பின் வரிசையில் இருந்த ஒரு பொடியன், என்ன இது ஒரு கேள்வியா என்ற குரலில், "வேற ஆளின்ர பேரில வேலை செய்யிறார் சேர்," என்றான்.

நான் சிரித்தேன். வகுப்பு சிரிக்கவில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி அதை எழுதியும் வைத்துவிட்டாள்.

"டேய், இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ரயில்வேயில வேலை அட்டை மாத்தி ஆர் வேலை செய்தது?"

"அப்ப ஏன் சேர் பயப்பிடுறார்?"

அவர் பயப்படவில்லை, அது கடமையுணர்வு என்று நான் விளங்கப்படுத்தினேன். எனக்கு ஊரில் விளங்கப்படுத்தியதும் அப்படித்தான். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் நான் எனக்குத் தெரிந்த ஒரே கற்பித்தல் முறைக்கு வந்தேன். "சரி. நீங்கள் என்னவும் நினையுங்கோ. பரீட்சகர் கேட்டா கடமையுணர்வு எண்டு சொல்லுங்கோ. பாஸ். இன்னொண்டு, பாடத்தில இருக்கிறதை வைச்சு மட்டும்தான் பதில் சொல்லவேணும். உங்கட வீட்டுக் கதை, மாமான்ர கதை ஒண்டும் அங்க வேண்டாம்." இதுதான் நான் முதலில் சொன்ன அந்த மற்றப் பங்களிப்பு.

பரீட்சகர் ரொறொன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஊரில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார், இது வகுப்பறையில்லை என்று சொல்வதுபோல. பிங்கோப் பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க ஐயா தங்கியிருக்கிறியள்?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"ரொக்ஸ்பரோவில, மருமகன் வீட்டில. உம்மட இடத்திலதான் அவனும் வேலை எண்டான். ரஞ்சன்."

காலையில் அவரைக் கொண்டுவந்து இறக்கியது ரஞ்சன்தான். பின்னேரம் வந்து கூட்டிப்போகப் போவதும் ரஞ்சன்தான். நடுவில் இந்த நிலவறையில் நடப்பதெல்லாம் காரில் ஏறி ரொக்ஸ்பரோவுக்குப் போகும் என்று எனக்கு அப்போதே விளங்கியது. ஆனாலும் கடமையுணர்வைத் தவிர வேறொன்றும் நடக்கப்போவதில்லை என்று தைரியமாக இருந்தேன்.

பரீட்சகருக்கு ஒரு வழக்கம். எந்தப் பிள்ளை வந்து இருந்தாலும் முதலில் ஊர், பிறகு தகப்பன் பெயர், பிறகு தகப்பன் என்ன வேலை. இதெல்லாம் தெரியாமல் ஒரு பிள்ளைக்குப் புள்ளி போடமுடியாது என்பது எங்கள் அதிபர்மார் பலருடைய நம்பிக்கை. பிள்ளைகள் வந்தார்கள். ஊரைச் சொன்னார்கள், பாதிப் பேர் பிழையாக. கடமையுணர்வு என்றார்கள். தோடம்பழம் எதைக் காட்டுகிறது என்றால் தந்தைப்பாசம் என்றார்கள். பரீட்சகர் எழுதிக்கொண்டே கொட்டாவி விட்டார். பொடியள் வாசலால் வெளியே போகும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

டிலானியின் எண்ணைக் கொளுத்தினேன்.

"ஊர்?"

"மன்னார் சேர்."

"அப்பா பேர்?"

"மரியநாயகம்."

"என்ன வேலை?"

"வேலை தேடுறார் சேர்."

நான் மேசையில் இருந்த ஒரு கறையைப் பார்த்தேன். எனக்குத் தெரிய, அந்த மனிதர் காய்ச்சலுக்குக்கூட லீவு எடுத்ததில்லை.

"ம். கிடைக்கும், கிடைக்கும்," என்றார் பரீட்சகர். "சரி. தந்தை மகனைத் தெரியாதவர்போல் நடந்துகொண்டது ஏன்?"

"பயத்தில சேர்."

நான் இருமினேன். கடமையுணர்வு என்பதை இருமலில் சொல்ல முயன்றேன். அந்தச் சொல் இருமலுக்கு நீளம்.

"ஆருக்குப் பயம்?"

"ஸ்டேசன் மாஸ்டருக்கு. அவர் அங்க வேற ஆளின்ர பேரில வேலை செய்யிறார். பெடியன் அப்பா எண்டு கூப்பிட்டா எல்லாம் பிடிபட்டிடும்."

பேனை நின்றது. "பாடத்தில எங்க இருக்கு இது?"

"முதல் பந்தியில, ஊரில எல்லாரும் அப்பாவைத் துரை எண்டு கூப்பிடுவினம் எண்டிருக்கு. ஸ்டேசன்ல கனகசபை எண்டு கூப்பிடினம்."

"அது பிள்ளை, ஒண்டு வீட்டுப்பேர், ஒண்டு பதிவுப்பேர். எங்கட ஆக்களுக்கு ரெண்டு பேர் இருக்கும்."

"ஓம் சேர். அதைத்தான் நானும் சொல்லுறன்."

"ஐயா, ஒரு ரீ குடிப்பமோ?" என்றேன்.

"பொறும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. கொட்டாவி எங்கோ போய்விட்டது. "அப்ப, தோடம்பழம் எதைக் காட்டுது?"

"சம்பளம்."

"என்ன?"

"தகப்பன் மட்டும் நடிக்கேல்லை சேர். பெடியனும் நடிச்சவன். அவன் அப்பா எண்டு கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடேல்லை. அந்த வேலைக்குத்தான் தோடம்பழம்."

எனக்குச் சட்டைப்பையில் கிடந்த ஒரு சொக்லேற் ஞாபகம் வந்தது.

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் கடுமையாக இல்லை. "பிள்ளை, இது உமக்கு எப்பிடித் தெரியும்? உங்கட வீட்டில ஆரும் இப்பிடி வேலை செய்யினமோ? மருமகன்ர இடத்திலயும் இப்பிடிக் கொஞ்சப்பேர் இருக்கினம் போல கிடக்கு எண்டு அவன் சொன்னவன்."

டிலானி என்னைப் பார்த்தாள். நான் பிங்கோப் பலகையில் திடீரென்று மிகுந்த ஆர்வம் கொண்டேன். நிலவறையின் சூடாக்கி ஒருமுறை உறுமி ஓய்ந்தது. தகப்பனின் வழக்கு அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. யாரோ ஒருவர் ஒரு வரி எழுதிப் போட்டால் வேலையும் போகும், வழக்கும் போகும், அவரையும் அனுப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது.

"அந்தக் கேள்வி இதில இல்லையே சேர்," என்றாள்.

"என்ன?"

"பாடத்தில இருக்கிறதை வைச்சு மட்டும்தான் பதில் சொல்லவேணும். வெளியில இருந்து சொல்லக்கூடாது. எங்கட பிரெஞ்சு வகுப்பிலயும் அப்பிடித்தான். மாஸ்டரும் சொன்னவர்."

பரீட்சகர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியோ?"

"ஓம் ஐயா," என்றேன். "அதுதான் முறை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் எழுதினார். "கருத்துப் பிழை," என்றார். "ரெண்டுக்கும் சைபர்." பிறகு இன்னும் கொஞ்சம் எழுதினார். "தமிழ் நல்ல தமிழ். அதுக்கு முழுசாப் போடுறன். போம்."

கூட்டிப் பார்த்தேன். கரையில் ஒற்றைக் காலில் நிற்கிற பாஸ். ஆனால் பாஸ்.

பிறகு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் போனேன். "ஏன் பிள்ளை, கடமையுணர்வு எண்டு ஒரு சொல்லு. சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே."

"அது பொய் மாஸ்டர்."

"எது?"

"கடமைக்காக ஒருத்தரும் பிள்ளையைத் தெரியாதெண்டு சொல்லமாட்டினம்." சப்பாத்துக் கயிறு சிக்கிவிட்டது, அதை இழுத்துக்கொண்டே சொன்னாள். "கடமை எண்டு சொன்னா அந்தாள் கூடாத ஆள் மாதிரி வருது. அவர் கூடாத ஆள் இல்லை."

பின்னேரம் ரஞ்சன் கார் கொண்டுவந்தார். பரீட்சகருக்குக் கதவைத் திறந்துவிட்டு, நான் கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் பாணைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்பிடி மாமா பிள்ளையள்?" என்றார் ரஞ்சன்.

"எல்லாம் கடமையுணர்வு, கடமையுணர்வு எண்டு சொல்லுதுகள்," என்றார் பரீட்சகர் பெல்ட்டைத் தேடிக்கொண்டே. "கிளிப்பிள்ளையள். காரை எடு."

அந்த மனிதருக்கு விளங்கியதா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்த வருடம் வேறு பரீட்சகர் வந்தார்.

திங்கட்கிழமை பட்டி ஓடத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் பார்த்து, "சிவாண்ணை, மேல்வீட்டுப் பிள்ளை பாஸாம்," என்றேன். அன்றைக்கு நிறையச் சொக்லேற் உடைந்தது.

அதற்கு அடுத்த வருடம் அவருடைய வழக்கு அந்த மேசையிலிருந்து ஒருவழியாக எழும்பியது. சொந்தப் பெயரில் வேலை செய்யலாம். ஆனால் அதே முகத்தை அதே கூடத்துக்குப் புதுப் பெயரில் கொண்டுவர முடியுமா? ஆகவே சிவநேசன் வேலையை விட்டார். எங்கே போகிறார் என்று ரஞ்சன் கேட்டபோது லண்டனுக்கு, அக்காவிடம், என்றார். அது முழுப்பொய் என்றும் சொல்லமுடியாது. சிவநேசன் அங்கேதான் இருந்தார். ரஞ்சன் சொந்தக் காசில் கேக் வாங்கினார். மேலே பிரெஞ்சில் மெர்சி சிவா, நன்றி சிவா, என்று எழுதியிருந்தது. சிவாண்ணையைப் போல ஒருவர் இந்தப் பட்டிக்கு இனி வரமாட்டார் என்று சிறிய பேச்சும் பேசினார். மரியநாயகம் அண்ணை கண்ணைத் துடைத்தார். யாருக்காக என்று தெரியவில்லை. எங்களுக்கும் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர் சிவநேசன்.

கேக்கோடு வாசலுக்கு வந்து நின்றோம். பழைய கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியது டிலானி. தலைமயிர் நனைந்து முதுகில் கிடந்தது. குளத்தில் வேலை முடித்து நேரே வந்திருக்கிறாள். கழுத்தில் உயிர்காப்பாளர் விசில் தொங்கியது.

"அப்பா, ஏறுங்கோ," என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறினார். கார் போய்விட்டது.

ரஞ்சன் காகிதத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "ஆற்ற பிள்ளை?"

"பாடத்தில இல்லை தம்பி," என்றேன்.

அவர் கார் போன பக்கம் திரும்பினார். "அப்ப என்ர பெரியம்மான்ர மகள்..."

"அவ தப்பினா."

ரஞ்சன் கேக்கைத் தின்று முடித்தார். மேலிடத்துக்கு ஒன்றும் எழுதவில்லை.

இப்போது அந்தத் தேவாலயம் அடுக்கு வீடுகளாகிவிட்டது. நிலவறையில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். பிங்கோப் பலகையைக் கழற்றிக் குப்பைக்குப் போட்டபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கே வைப்பது என்று மனைவியோடு சண்டை வந்திருக்கும். பெரிய வகுப்பு மூடியாகிவிட்டது. எல்லோரும் பாஸ் பண்ணிவிட்டால் வகுப்பு எப்படி இருக்கும்? சாப்பாட்டுக் கூடமும் வேறு ஆட்களிடம் மாறிவிட்டது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தட்டை எட்டிப் பார்த்தேன். பாண் இருந்தது, அதே பாண். சொக்லேற் வைக்கிற மூலையில் இப்போது ஒன்றும் இல்லை.

லண்டனில் கலியாணத்துக்கு முதல்நாள் பெண் வீட்டில் விருந்து. ஒரு கொழுத்த மனிதர் வந்து என் கையைப் பிடித்தார். "மொன்றியலோ? நானும் கொஞ்சக் காலம் அங்க இருந்தனான். சிவநேசன்."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். இவ்வளவு துணிவாக ஒருவர் பொய் சொல்லுவாரா என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குச் சிவநேசனைத் தெரியும். மெலிந்தவர், முன்தலை நரைத்தவர், அதிகம் கதைக்காதவர், வருடக்கணக்காக எனக்கு எதிரே நின்றவர். ஒரு பின்னேரம் கேக் தின்றுவிட்டுப் போனவர். அதன்பிறகு அவரை யாரும் கண்டதில்லை. மரியநாயகம் அண்ணையை நான் தேவாலயத்தில், கடைகளில் காண்கிறேன். அவர் வேறு ஆள்.

மேசையில் மீன் கட்லட் இருந்தது. அந்த மனிதர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அன்று வெள்ளிக்கிழமை.

"சிவநேசன் தின்னமாட்டான்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.